வடித்த காய்

பத்து மணிக்குக் கேட்பார்கள். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிடுவார்கள். யாராவது வற்புறுத்துகிறார்களா அம்மா, உங்கள் கிட்னியை மனசார நீங்களாகத்தான் கணவருக்குக் கொடுக்கிறீர்களா என்று நாலு பேர் சேர்ந்து கேட்பார்கள், வீடியோவும் எடுப்பார்கள், பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியின் கோஆர்டினேட்டர் பெண் போன வாரம் சொன்னாள். இப்போது ஆறே கால். ஏழரைக்குக் கார் வந்துவிடும், ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர இரண்டு மணி நேரம். அதற்குள் ஒரு உப்புமாவைக் கிண்டி இரண்டு பேரும் சாப்பிட்டாக வேண்டும். நான் என்னடாவென்றால் மொட்டைமாடியில் நின்று பீர்க்கங்காயைத் தடவிக்கொண்டிருக்கிறேன். கத்திரி பிறந்து நாலு நாள்தான் ஆகிறது, நேற்றுப் பகலில் குடித்த சூட்டைத் தரை இன்னும் கக்கி முடிக்கவில்லை, உள்ளங்கால் வெதுவெதுவென்று இருக்கிறது. பீர்க்கை ஒன்று, பிஞ்சுக் கத்தரி நாலு, கொத்தவரை ஒரு கை, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து. தக்காளி ஒன்று நன்றாகப் பழுத்துத் தொங்குகிறது, அதையும் பறிக்கிறேன். அது எனக்கு. அவர் தக்காளி தின்னக் கூடாது. பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மண்ணும் சாணமும் கலந்து, பூச்சி வந்தால் சாம்பல் தூவி, இத்தனையும் வளர்த்தவர் அவர். டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், டயாலிசிஸ் ஆரம்பித்ததும் வீட்டோடு உட்காரச் சொல்லிவிட்டார்கள், கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, மாடிக்கு ஏறிவிட்டார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அவருக்கு. காலையில் பாட்டிலில் கோடு போட்ட இடம் வரை நிரப்பி வைப்பேன், படுக்கும் வரை அதுதான். இந்த வெயிலில் செடிக்கு வாளி வாளியாக ஊற்றுகிறவருக்கு முக்கால் லிட்டர். போன மாதம் துணி எடுக்க மேலே வந்தவள் பார்த்தேன், குழாயை மூடிவிட்டு ஈர விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன். ஒரு வாய் தண்ணீர் கொடு என்று அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டால்தான் என்ன, கொடுக்கவா போகிறேன், ஆனாலும் கேட்கலாமில்லையா.

அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரை வைத்துவிட்டு அரிவாள்மணையில் உட்காருகிறேன். மிக்ஸியும் கத்தியும் எல்லாம் இருக்கிறது, மணையில் உட்கார்ந்தால்தான் எனக்குக் கை ஓடும். இவர் சாப்பாட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. காயைப் பொடியாக நறுக்க வேண்டும், நிறையத் தண்ணீரில் வேக வைக்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், மறுபடி புதுத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு அதையும் கொட்ட வேண்டும். அப்போதுதான் காயில் இருக்கிற பொட்டாசியம் போகுமாம். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டயட் பார்க்கிற பெண் சொன்னாள், என்னவோ பஸ் நின்றுவிடும் என்பது போலச் சொன்னாள். முதல் நாள் காயை வடித்தபோது அழுதேன். பச்சைத் தண்ணீர், மணக்க மணக்க இருந்தது, ரசத்துக்கு ஊற்றுகிற தண்ணீர், அதைப் போய்ச் சாக்கடையில் விடுவதா. அப்புறம் ஆறவைத்து மாடிக்குத் தூக்கிப் போய்ச் செடிக்கு ஊற்ற ஆரம்பித்தேன். அவருக்கு ஆகாதது செடிக்கு ஆகிறது. பீர்க்கை இந்தப் போடு போடுவது அதனால்தானோ என்னவோ. தினமும் நறுக்கும்போதே இரண்டு தட்டு வைத்துக்கொள்வேன், எவர்சில்வர் தட்டில் அவர் பங்கு, பிளாஸ்டிக் தட்டில் என் பங்கு. என்னுடையதைத் தக்காளி, உப்பு, மஞ்சள் போட்டு எண்ணெயில் வதக்கிக்கொள்வேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு சட்டி, ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. போன் அடிக்கிறது. அவர் அக்கா. கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

"அம்மிணி, கெளம்பீட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க நங்கையா. சமையல் ஆயிட்டு இருக்குது."

"ஒண்ணும் பயந்துக்காத சாமி. அவிங்க என்ன கேட்டாலும் ஆமாங்க, ஆமாங்கன்னு சொல்லீரு. புருசனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போற? உன்ற மனசு யாருக்கு வரும், சொல்லு."

சரிங்க என்று வைத்துவிட்டேன். சரிங்க என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. நறுக்கியதை வழித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடுகிறேன். உன்ற மனசு யாருக்கு வரும். ரத்தம் பார்த்து, திசு பார்த்து, பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் நங்கை இதைத்தான் சொன்னார். டாக்டர் அறையில் அவர், நான், நங்கை, எங்கள் மகள் பிருந்தா. மனைவியுடையதே பொருந்துவது உங்கள் அதிர்ஷ்டம் சார் என்றார் டாக்டர். நங்கை கையெடுத்துக் கும்பிட்டார். பிருந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் முதலில் தருகிறேன் என்றவள், கல்யாணமாகி எட்டு மாதம், வாயைக் கழுவுடி என்று நான்தான் அடக்கியிருந்தேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவரைத் தவிர. அவர் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரூட் மேப் பார்ப்பது போல. அன்றிலிருந்து மூன்று மாதம். ஸ்கேன் எடுத்தார்கள், இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள், மனநல டாக்டர்கூடப் பேசினார். இவர் மட்டும் பேசவில்லை. கொடுக்கிறாயா பருவதம் என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் கொடுக்கிறேன் என்றிருப்பேன், அன்றைக்கே, அந்த நிமிஷமே. கேட்காததால் அது உள்ளே புளித்துக்கொண்டு கிடக்கிறது. எடுத்துக்கொள்கிறார்களே தவிர யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான். பெண் பார்க்க வந்தபோதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு வாரம் கழித்துப் பூ வைக்க வந்தார்கள். இது வேண்டும் என்று சொல்ல மாட்டார், வைத்ததைத் தின்பார், எதை வைத்தாலும் நல்லாருக்கு என்பார். நல்லாருக்கு, நல்லாருக்கு. கல்லை வேகவைத்துப் போட்டாலும் நல்லாருக்கு என்பார் போலிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது. பிருந்தா பிறந்தபோது வயிற்றைக் கீறினார்கள், முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே நான் இல்லாமலே போய்விட்டேன், தலைக்கு மேலே வட்டமாக வெள்ளை விளக்கு, யாரோ கரூர் பக்கம் மழையா என்று பேசிக்கொண்டே என்னைத் தைத்தார்கள். அப்போது ஒரு குழந்தையை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் காட்டினார்கள். இந்தத் தடவை எடுப்பதை யாரும் காட்ட மாட்டார்கள், பக்கத்து அறைக்கு ஓடுவார்கள். அந்த இடம் காலியாக இருக்குமா, வேறு ஏதாவது நகர்ந்து வந்து நிரப்பிக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன், கேட்டால் சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டேன். எனக்கு மிச்சம் இருக்கும் ஒன்றும் பழுதாகிவிட்டால்? அப்போது எனக்கு யார், அவரா திருப்பிக் கொடுக்கப் போகிறார். ராட்சசி மாதிரி யோசிக்கிறேனே. யோசிக்காமல் என்ன செய்ய, என் வயிறு இது. நேற்றுக் குளிக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு இஷ்டமில்லைங்க. மெதுவாக ஒரு தடவை, கொஞ்சம் சத்தமாக ஒரு தடவை. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டுதான். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை, பல்லி கத்தவில்லை, உடம்பு லேசாகக்கூட இருந்தது. ஆமாங்க என்பதை நான் பழகிப் பார்க்கவே இல்லை, அது தன்னால் வரும் என்று எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் இஷ்டமில்லை என்றால் அப்புறம்? அப்புறம் இதே அரிவாள்மணை, இதே இரண்டு தட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ஊசி குத்திப் புடைத்த அந்தக் கை, விரலை உதட்டில் ஒற்றிக்கொள்ளும் அவர். எத்தனை நாளைக்கு என்று டாக்டரும் சொல்வதில்லை. கொதி வந்துவிட்டது. வடிகட்டியில் கொட்டுகிறேன், ஆவி முகத்தில் அடிக்கிறது, கண் எரிகிறது, இது ஆவிதான். மறுபடி தண்ணீர், மறுபடி கொதி, மறுபடி கொட்டு.

அரிசி ரவையை நேற்றே வறுத்து வைத்தது நல்லதாயிற்று. கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை, தண்ணீர், வடித்த காய், ரவை. கிளறிக்கொண்டே வலது கை தானாக உப்பு ஜாடிக்குப் போகிறது, தினமும் போகும், தினமும் திரும்பி வரும். முதலில் அவர் பங்கை எடுத்து வைத்துவிட்டு அப்புறம்தான் உப்பு. சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அடுப்பில் இருப்பதை ருசி பார்த்தால் எச்சில் ஆகிவிடும், பரிமாறிய பிறகுதான் நாக்கு. அம்மா வீட்டிலும் அப்படி, வந்த வீட்டிலும் அப்படி. உப்பு சரியா என்று கொதிக்கும்போது எழும் வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும், இருபத்தெட்டு வருஷத்தில் கை தப்பியதில்லை. இந்தச் சட்டியில் வாசனையே இல்லை. சரி, என் காயை வதக்குவோம் என்று பிளாஸ்டிக் தட்டுக்குக் கையை நீட்டினால் தட்டு காலி. எவர்சில்வர் தட்டும் காலி. இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நங்கை பேசி முடித்த எரிச்சலில் என் பங்கையும் வழித்துக் கொதியில் போட்டிருக்கிறேன், என் காயையும் சேர்த்து இரண்டு தண்ணீர் வடித்துவிட்டேன். பைத்தியக்காரி. மணி ஏழு அடிக்கப் போகிறது, திரும்ப மாடிக்குப் போய்ப் பறிக்க நேரமில்லை. மேடையில் தக்காளி மட்டும் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேளைதானே, இருப்பதைத் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். இரண்டு தட்டிலும் ஒரே சட்டியிலிருந்து போடுகிறேன்.

அவர் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்கிறார். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு வாயில் வைத்து, விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம் விழுங்குகிறார். தட்டைத் தொடவில்லை.

"பருவதம், இப்படி உக்காரு."

"ஆறிப்போயிருமுங்க, சாப்புடுங்க."

"உக்காருன்னா."

உட்கார்கிறேன். அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்.

"நேத்து அந்தக் கோஆர்டினேட்டர் புள்ளைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். உள்ள நீ என்ன சொல்றியோ அது உள்ளயே இருக்குமாமா. வேண்டாம்னு சொன்னீன்னா, வெளிய வந்து டெஸ்ட்டு சரியா வரலைன்னு மட்டும்தான் சொல்லுவாங்களாமா. அக்காகிட்டயும் அப்படித்தான். பிருந்தாகிட்டயும் அப்படித்தான். எங்கிட்டயும் அதையேதான் சொல்லோணும்னு கேட்டுக்கிட்டேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், எங்கேயும் மிக்ஸி ஓடவில்லை. குளியலறைச் சத்தம் இவருக்குக் கேட்டிருக்குமோ. கேட்டிருக்காது, தண்ணீர் ஓடியது. கேட்டிருந்தால்தான் என்ன. மூன்று மாதமாக இந்த மனுஷன் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் நினைத்ததை மட்டும் அவர் தெரிந்து வைத்திருக்கிறார். கோபம் வருகிறது, அழுகையும் கூடவே வருகிறது, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் என் தட்டில் இருந்த உப்புமாவை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன்.

வாயில் ஒன்றுமே இல்லை, அவசரத்தில் என் பங்குக்கு உப்புப் போடவும் மறந்திருக்கிறேன். ஏதோ வெந்த, மெத்தென்ற ஒன்று. பீர்க்கையா, கத்தரியா, தெரியவில்லை. நனைந்த காகிதத்தை மெல்லுவது போல நாக்கு தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. மிளகாய் மட்டும் எங்கோ ஓரத்தில் சுரீரென்கிறது. விழுங்க முடியாமல் அவரைப் பார்க்கிறேன். அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, எப்போதும் போலச் சொல்கிறார்.

"நல்லாருக்கு."

"என்னுங்க நல்லாருக்கு?" சத்தமாகவே கேட்டுவிட்டேன். "இதையா இத்தன நாளாத் தின்னீங்க? வாயத் தொறந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லாயில்லைன்னு சொல்லக் கூடாதுங்களா?"

அவர் என் தட்டைப் பார்த்தார். அதிலும் அதே உப்புமா இருப்பதைப் பார்த்தார். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரெண்டு தண்ணி கொதிக்க வெச்சு வடிச்சு, இந்த வேக்காட்டுல நின்னு செஞ்சு தர்றே. அதப் போயி என்னன்னு சொல்றது?"

"அப்ப இது? இதயும் கேக்கறதில்ல. மூணு மாசமா. குடுக்கறயான்னு எங்கிட்ட ஒரு வார்த்த நீங்க கேட்டீங்களா?"

வெளியே பால்காரர் வண்டி போகிறது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

"எப்படிப் புள்ள கேப்பேன்? கேட்டா நீ குடுத்துருவே."

 மறுபடி ஒரு கவளம் எடுத்தார். கேட்டா நீ குடுத்துருவே. ஆமாம், கொடுத்திருப்பேன், அன்றைக்கே, அந்த நிமிஷமே, எனக்குப் பயமாக இருக்கிறதா என்று எனக்கே தெரிவதற்குள். நான் மூன்று மாதமாகக் கேட்கவில்லை கேட்கவில்லை என்று புழுங்கிக்கொண்டிருந்தேன், இவர் கேட்டுவிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். தாகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அதே மாதிரி. அட மனுஷா. கொஞ்சம் முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, இது ஆவியில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. தட்டில் இருந்ததைத் தின்னுகிறேன். உப்பு ஜாடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது, தொடவில்லை. ஒவ்வொரு வாயும் அதே ஒன்றுமில்லாமைதான், மென்று விழுங்கி, மென்று விழுங்கி, அவர் முடிப்பதற்கு முன்னால் முடித்துவிட்டேன். பயம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தேன். போகவில்லை. வெள்ளை விளக்கு அங்கேயே இருக்கிறது, ஊசி இருக்கிறது, காலியாகப் போகிற அந்த இடமும் இருக்கிறது. ஆனால் இப்போது அது என்னுடைய பயம், யாரும் என் தலையில் கட்டியது இல்லை. எழுந்து கை கழுவினேன். மேடையில் அந்தத் தக்காளி. எடுத்து அரிவாள்மணையில் இரண்டாக வகிர்ந்து, சாறும் விதையுமாகக் கிண்ணத்தில் பிழிந்தேன்.

"நேரமாச்சே. இப்ப என்ன பண்றே?"

"வெத எடுக்கறனுங்க. ஆடியில போடோணும்."

"இன்னும் எதுக்குத் தக்காளி? நீ ஒருத்திதான திங்கறே."

"ஆடியில போட்டா ஐப்பசியில பழுக்கும்," என்றேன். "அப்ப நீங்களும் திங்கலாம்."

 நாற்காலி நகர்ந்தது, மாடிப்படியில் மெதுவாக ஏறும் சத்தம் கேட்டது, நடுவில் மூச்சு வாங்க நின்றது, மறுபடி ஏறியது. இறங்கி வந்தவர் செடிக்குத் தூவுகிற சாம்பல் டப்பாவை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து நாலு மூலையையும் நீவிவிட்டார். சாம்பலில் புரட்டிய விதையை அதன் மேல் பரப்பினேன், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அவர் ஒற்றை விரலால் விலக்கி விலக்கி வைத்தார். தெருவில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. பத்து மணிக்குக் கேட்பார்கள். கேட்கட்டும்.